முழங்கைக் கட்டை

போன மாதம் அந்தமானின் மாயாபந்தரிலிருந்து பிரகாஷ் போன் செய்தான். நான் வேலை பார்த்த அரசுப் பட்டறையில் இப்போது முன் ஆக்சில் வேலைகளைப் பார்ப்பவன். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தான்.

“அண்ணே, நம்ம ஆக்சில் ஸ்டாண்டுல வலது பக்கம் ஒரு படாக் மரக்கட்டை போல்ட் போட்டு நீட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அது என்னத்துக்கு? வர்றப்ப போறப்ப இடிக்குது. அறுத்து எடுத்துரலாமா?”

“இத்தனை வருஷம் இடிக்காத கட்டை இப்ப என்னடா இடிக்குது?”

“இடிக்குது அண்ணே. சட்டையெல்லாம் கிழியுது.”

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யாரிடம் கேட்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாது. அவன் சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்தவை இவை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பட்டறையில் இருப்பவர்கள் படிக்கட்டும்.

என் அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது மாயாபந்தரில். போர்ட் பிளேரில் ஐ.டி.ஐ. முடித்து, அங்கேயே பழகுநராக இருந்துவிட்டு, மாயாபந்தர் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். படிப்பில் கற்றதைவிட முதல் மழைக்காலத்தில் கற்றது அதிகம். எங்களிடம் வந்தவை நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகள். சேற்றிலும் ஓடையிலும் போய்வர வேண்டியவை. கம்பெனி கொடுத்த உயரம் இங்கே போதாது. தடித்த ஸ்பிரிங் பட்டைகள் போட்டு ஜீப்பை உயர்த்துவோம். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கும்.

ஜீப்பை உயர்த்தினால், கியர் பெட்டியிலிருந்து முன் ஆக்சிலுக்கு இறங்கும் ஷாஃப்ட் செங்குத்தாகிவிடும். அதைச் சரிசெய்ய, ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் மூக்கை மேலே தூக்க வேண்டும். மூக்கைத் தூக்கினால், ஆக்சிலின் இரு முனைகளிலும் சக்கரம் திரும்புகிற முட்டுகள், நாங்கள் நக்கிள் என்போம், அவையும் சேர்ந்து சாய்ந்துவிடும். பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. வண்டி சாலையை விட்டுப் பள்ளத்தைத் தேடும். இதற்கு ஒரே வழிதான். நக்கிளை ஆக்சில் குழாயிலிருந்து அறுத்து, மூக்கை உயரத்தில் விட்டுவிட்டு, நக்கிளை மட்டும் பழைய சாய்வுக்குத் திருப்பி, மறுபடி பற்றவைப்பது. சாய்வில் சிறிது பிசகினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பற்றவைப்பில் பிசகினால் சக்கரம் கழன்று தனியாகப் போகும்.

அளந்து, அறுத்து, திருப்பி நிறுத்துவது என் வேலை. பற்றவைப்பது ஜப்பார் பாயின் வேலை.

ஜப்பார் பாய் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். அவருடைய அண்ணன் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடையில் உட்காரச் சொன்னதற்கு, “ஓட்டைப் பாத்திரம் வந்தா பத்த வெச்சுத் தர்றேன். புதுசு விக்கிறதுக்கெல்லாம் எனக்கு வாய் பத்தாது” என்று சொல்லிவிட்டு வடக்கே வந்தவர். எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி என்னை மாப்ள என்பார். நான் பாய் என்பேன். வெல்டிங் ராடு பெட்டிக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பார். தீவின் ஈரக்காற்று பட்ட ராடு பற்றவைப்புக்குள் வெடிப்பைக் கொண்டுபோய் வைத்துவிடும் என்பார். அந்தப் பல்பை யாராவது அணைத்தால் அன்று முழுக்க அவனுக்குத் தேநீர் கிடையாது.

எங்கள் மேற்பார்வையாளர் பிஸ்வாஸ் பாபு. வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம். எல்லோரும் பேசுகிற தீவு இந்தியில் எங்களிடம் கற்ற தமிழைக் கலந்து பேசுவார். வேலை நன்றாக இருந்தால் “நல்லா ஹை”. நன்றாக இல்லையென்றால் எதுவும் சொல்ல மாட்டார். கையிலிருக்கும் குடையைத் தரையில் வைத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொள்வார். செய்தவனே வந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வரை எழ மாட்டார்.

அவர் வைத்த விதி ஒன்று உண்டு. ஸ்டியரிங்கிலோ முன் ஆக்சிலிலோ யார் கை வைத்தாரோ அவர் அந்த வண்டியின் முதல் ஓட்டத்தில் போக வேண்டும். பற்றவைத்தவருக்கு முன் இருக்கை. காய்ச்சல், கல்யாணம் எதுவும் சாக்கு இல்லை. “உன் ஹாத், உன் ஜான்” என்பார். உன் கை, உன் உயிர்.

இனி கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெல்டிங் வெளிச்சம் வெறும் கண்ணில் பட்டால் இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல வலிக்கும். ஆர்க் அடித்த கண் என்போம். பட்டறையில் எல்லோருக்கும் வந்திருக்கிறது. உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டி, கண்ணின் மேல் வைத்துப் படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். ஜப்பார் பாய்க்குக் கண் வலித்தபோது உருளைக்கிழங்கு வைத்தோம். தலை வலித்தபோதும் வைத்தோம். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றபோதும் வைத்தோம். அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். மேசை ஓரத்துத் தேநீர் கிளாஸைத் தட்டிவிட்டார். பட்டறைக்கு நடுவில் நின்ற டீசல் டிரம்மில் மோதினார்.

“என்ன பாய், டிரம்முக்கும் உங்களுக்கும் சண்டையா?”

“அது சும்மா நிக்காம குறுக்க வருது மாப்ள.”

சிரித்தோம். வெல்டருக்கு வருவதெல்லாம் ஆர்க்தான் என்று நாங்கள் நம்பினோம். வேறு தொழில் செய்கிறவன் என்றால் முதல் மாதமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்.

ஒருநாள் அவர் பற்றவைத்து முடித்த நக்கிளைச் சுத்தியால் தட்டிக் கசடை உதிர்த்தேன். உள்ளே இருந்த கோடு மிக அழகாக இருந்தது. காசை அடுக்கிச் சாய்த்தது போல ஒரே சீராக ஓடியிருந்தது. ஆனால் பாதி வட்டத்துக்கு மேல் அது இணைப்பின் மேல் இல்லை. இணைப்புக்குப் பக்கத்தில், வெறும் குழாயின் மேல் ஓடியிருந்தது. இணைப்பு திறந்தபடி கிடந்தது.

பிஸ்வாஸ் பாபு வந்து பார்த்தார். குடையைத் தரையில் வைத்தார். ஜப்பார் பாய் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அல்லா” என்று மட்டும் சொன்னார்.

பிஸ்வாஸ் பாபு அவரை போர்ட் பிளேர் கண் டாக்டரிடம் அனுப்பினார். திரும்பி வந்தவர் என்னைப் படகுகள் அணையும் ஜெட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. பார்வை நரம்பு ஓரங்களிலிருந்து பட்டுக்கொண்டே வருகிறது. போனது இனி வராது. சொட்டு மருந்து இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். முதலிலேயே வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம். பிஸ்வாஸ் பாபுவிடம், சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“எப்படித் தெரியுது பாய்?”

“ஆக்சில் குழாய்க்குள்ள கண்ண வெச்சுப் பாக்குற மாதிரி மாப்ள. அந்தக் கடைசில ஒரு வட்டம். அது பளிச்சுன்னு இருக்கு. சுத்தி ஒண்ணுமில்ல.”

பிறகு, “என்னைய பட்டறை கேட்டுல உக்கார வெச்சிருவாங்க. பகல்ல கேட்டத் தெறந்து மூடுற ஜப்பார். ஊர்ல எவன் கேட்டாலும் வெல்டர் ஜப்பார்னுதான சொல்லுவான். இனி என்ன சொல்லுவான்?” என்றார்.

“அந்த வட்டத்துக்குள்ள பத்த வைக்க முடியுதா?”

“வட்டம் அசையாம இருந்தா முடியும். நான் நகந்தாத்தான் கோடு தொலைஞ்சிருது.”

“அப்ப நீங்க நகராதீங்க. ஆக்சில் நகரட்டும்.”

அந்த ஸ்டாண்ட் இப்படித்தான் வந்தது.

அதுவரை ஆக்சிலை இரண்டு லாரி ரிம்களின் மேல் கிடத்தி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து வேலை செய்தோம். அடியில் பற்றவைக்க வெல்டர் மண்ணில் படுக்க வேண்டும். புது ஸ்டாண்டுக்குப் பழைய ஜெட்டியில் கழற்றிப் போட்டிருந்த இரும்புச் சேனல்களை எடுத்தோம். அவற்றில் ஒரு சட்டம் அடித்து, இரண்டு தூண்கள் நிறுத்தினோம். ஒவ்வொரு தூணின் தலையிலும் கழித்துப்போட்ட சக்கர பேரிங்குகள் இரண்டிரண்டு. ஆக்சில் குழாய் அந்தப் பேரிங்குகளின் மேல் உட்காரும். மேலே ஒரு சங்கிலி, குழாய் துள்ளாமல் பிடித்துக்கொள்ள. நடுவில் உள்ள மூக்குப் பகுதி கனமானது, விட்டால் கீழே சுழன்று விழும். அதனால் எதிர்ப்பக்கம் ஒரு பழைய பிரேக் டிரம்மைக் கட்டி எடையைச் சமன் செய்தேன். சுற்றுவதற்கு ஒரு நீளக் குழாய்க் கைப்பிடி. கோணம் அளக்கப் பள்ளிக்கூடக் கோணமானி ஒன்றை ஒட்டி, அதன் நடுவில் நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டேன். பலகையால் காற்றை மறைத்துவிட்டால் அந்த நட்டு பொய் சொல்லாது.

எல்லோரும் அது துல்லியத்துக்காகச் செய்தது என்று நினைத்தார்கள். துல்லியமும் வந்தது, உண்மைதான். ஆனால் அது ஒரு மனிதரின் கண்ணுக்கு முன்னால் இருந்த சிறிய வட்டத்துக்காகச் செய்தது.

அவர் ஸ்டூலில் உட்காருவார். ஹோல்டர் பிடித்த கை ஒரே இடத்தில் நிற்கும். நான் மறுபக்கம் நின்று ஆக்சிலை மெதுவாகச் சுற்றுவேன். இணைப்பு தானாக அவருடைய வட்டத்துக்குள் வந்து, பற்றவைக்கப்பட்டு, வெளியே போகும்.

“மெல்ல மாப்ள. மாவாட்டுறியா?”

“கை வலிக்குது பாய்.”

“வலிக்கட்டும். சத்தத்தக் கேளு. அப்பளம் பொரியிற மாதிரி இருந்தா சரி. படபடன்னு வெடிச்சா வேகமாப் போற.”

நானும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பேன். கோடு விலகினால், “உங்க பக்கம், கொஞ்சம்” என்பேன். நாளடைவில் அதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் மூச்சை இழுத்து விடும் கணக்கில் என் கை சுற்றப் பழகிக்கொண்டது.

கை அசையாமல் இருக்க, முதலில் அவருடைய முழங்கையைத் தூணோடு ஒரு கயிற்றால் கட்டினோம். ஒருநாள் பிஸ்வாஸ் பாபு அந்தக் கயிற்றைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். குடையைத் தரையில் வைக்கவில்லை, போய்விட்டார். மறுநாள் காலை ஸ்டாண்டின் மேல் ஒரு படாக் கட்டை கிடந்தது. இழைத்து, முனைகளை உருட்டி, நடுவில் முழங்கை உட்காரும் அளவுக்கு லேசாகக் குடைந்திருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜப்பார் பாய் ஸ்டூலில் உட்காரும் உயரத்துக்கு அளந்து நான்தான் போல்ட் போட்டேன். பிரகாஷ் கேட்ட கட்டை அதுதான்.

கண்ணின் நிலை பிஸ்வாஸ் பாபுவுக்குத் தெரியும் என்று அன்று தெரிந்துகொண்டோம். ஆனால் சலுகை என்று அவர் எதையும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பற்றவைப்பையும் தானே சோதித்தார். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துக் கோட்டின் மேல் பூசுவார். ஊறவிடுவார். நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸ் மாவைத் தூவுவார். எங்காவது வெடிப்பு இருந்தால், உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளை மாவில் ஈரக் கோடாகத் தெரியும். “சுத்தமா பாபு?” என்று ஜப்பார் பாய் கேட்பார். “நல்லா ஹை” என்பார் பிஸ்வாஸ் பாபு. அதற்குப் பிறகுதான் முன் இருக்கையில் முதல் ஓட்டம். எத்தனையோ ஆக்சில்கள் இப்படிப் போயின.

பிறகு ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. ஓடைகளுக்கு அப்பால் இருந்த ஒரு குடியிருப்பிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவர வேண்டிய வண்டி. மழை தொடங்குமுன் வேண்டும் என்றார்கள். வழக்கத்தைவிட அதிகமாக உயர்த்தினோம், அதனால் நக்கிளை அதிகமாகத் திருப்ப வேண்டியிருந்தது. இரும்பைச் சூடேற்றி, பற்றவைத்து, சட்டென்று குளிர்ந்து வெடிக்காமல் இருக்கச் சுண்ணாம்புத் தூளில் புதைத்து வைத்தோம். மறுநாள் எடுத்தோம். கண்ணுக்குக் குறை தெரியவில்லை.

பிஸ்வாஸ் பாபு மண்ணெண்ணெய் பூசினார். துடைத்தார். மாவு தூவினார். இடது பக்கம் சுத்தம். வலது பக்கத்தில், கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்தோடு சேரும் முனையில், தலைமுடி போல ஓர் ஈரம் மெல்ல நீண்டது.

“சுத்தமா பாபு?”

பிஸ்வாஸ் பாபு குடையைத் தரையில் வைத்தார். அந்தச் சத்தம் ஜப்பார் பாய்க்குக் கேட்டிருக்கும். அவர் குனிந்து தேடினார். தலை இப்படியும் அப்படியும் போயிற்று. வெள்ளை மாவுக்கு நடுவே அந்த முடி அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய வட்டம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செய்தவனே கண்டுபிடிக்கும் வரை எழாத பிஸ்வாஸ் பாபு அன்று எழுந்துவிட்டார். என்னைப் பார்த்து, “தங்கராஜ், தும் போலோ” என்றார். நீ சொல்லு.

“பாய், முடியுற எடத்துல ஒரு கோடு இருக்கு.”

“எங்க? வெரல வெச்சுக் காட்டு.”

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த ஈரத்தின் மேல் வைத்தேன். முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தார்.

“மாவுதான் தெரியுது” என்றார்.

அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தோம். அன்று நான் ஒவ்வொரு அசைவையும் வாயால் சொன்னேன். அவரும் கேலி எதுவும் பேசாமல் கேட்டார். மறுநாள் மாவு வெள்ளையாகவே இருந்தது. “நல்லா ஹை” என்றார் பிஸ்வாஸ் பாபு.

முதல் ஓட்டம். டிரைவர் பக்கத்தில் ஜப்பார் பாய். பின்னால் நானும் பிஸ்வாஸ் பாபுவும். ஓடையில் தண்ணீர் கால் வைக்கும் படிவரை வந்தது. ஜீப் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டது. அக்கரையில் ஒரு நேரான பாதையில் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார்.

“கைய எடுத்துட்டாரா மாப்ள?”

“எடுத்துட்டாரு பாய்.”

“நேராப் போகுதா?”

“நூல் புடிச்ச மாதிரி போகுது.”

சிரித்தார். வழி முழுக்க முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குத் திரும்பி இறங்கியதும், “பாபு, என்னைய மெடிக்கல் அன்ஃபிட்டுன்னு எழுதிருங்க” என்றார்.

“க்யூன்? ஜோடு நல்லா ஹை.” ஏன், இணைப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

“மாவு பாத்துச்சு பாபு. நான் பாக்கல. உள்ள படுத்திருக்கப்போறது நோயாளி.”

பிஸ்வாஸ் பாபு குடையை விரித்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். அன்று மழை இல்லை.

ஜப்பார் பாய் கேட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேச வந்தால் உள்ளே யாரோ பற்றவைக்கும் சத்தம் கேட்கும், இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு வட்டமும் அடைந்துபோயிற்று. போர்ட் பிளேரில் மின்னி பே பகுதியில் இருக்கும் மகள் நஃபீஸாவின் வீட்டுக்குப் போய்விட்டார். பிஸ்வாஸ் பாபு இப்போது இல்லை. எனக்கு முதுகெலும்பு தேய்ந்து, நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன்.

பிரகாஷ் கேட்டதைச் சொல்ல மின்னி பே போனேன். ஜப்பார் பாய் நாற்காலியில் இருந்தார். நஃபீஸா தேநீர் கொடுத்தாள்.

“கட்டைய அறுத்துரலாமான்னு கேக்குறான் பாய்.”

“அறுக்கட்டும். கண்ணு இருக்குறவனுக்கு எதுக்கு அது?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “என்னத்துக்கு அறுக்கணுமாம்?”

“இடிக்குதாம்.”

“யாருக்கு?”

“வர்றவன் போறவனுக்கெல்லாம்.”

“நம்ம காலத்துல அத்தன பேரு அதச் சுத்திச் சுத்தி வந்தோம். என்னையத் தவிர எவனாச்சும் அதுல இடிச்சிருக்கானா?”

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

“போனப் போடு. ஒருத்தனுக்கு இடிக்குதா, எல்லாருக்குமான்னு கேளு.”

ஸ்பீக்கரில் போட்டேன். பிரகாஷ் சொன்னான்: “நம்ம வெல்டர் சுனிலுக்குத்தான் அண்ணே. டெய்லி இடிச்சுக்கிறான். தோளெல்லாம் கன்னிப்போச்சு.”

“கண்ணு வலி இருக்கா அவனுக்கு?” என்றார் ஜப்பார் பாய், போன் பக்கம் குனிந்து.

“ஆர்க் அடிச்ச கண்ணு அண்ணே, வேறென்ன. உருளைக்கிழங்கு வெச்சுக்கிறான்.”

ஜப்பார் பாயின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியது. அவருக்கு நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சுனிலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். மறுநாள் பிரகாஷ் கூப்பிட்டான். “போக மாட்டேங்குறான் அண்ணே. அன்ஃபிட்டுன்னு எழுதிருவாங்கன்னு பயப்படுறான். இப்பத்தான் கல்யாணம் ஆச்சு.”

ஜப்பார் பாயிடம் சொன்னேன். “ஆஸ்பத்திரின்னு சொல்லாத. ஸ்டாண்டு செஞ்ச ஆளப் பாத்துட்டு வரலாம்னு இங்க கூட்டிட்டு வரச் சொல்லு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் சுனிலை பஸ்ஸில் கூட்டிவந்தான். அவர்கள் வருவதற்குள் ஜப்பார் பாய் சட்டை மாற்றிக்கொண்டு, வாசலைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிரகாஷ் முதலில் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றும் ஓசை. அதை அடுத்து, கதவு நிலையில் ஏதோ மோதும் மெல்லிய சத்தம்.

ஜப்பார் பாய் தலையைத் தூக்கினார்.

“வலது தோளா தம்பி?” என்றார். “வா, வந்து இப்படி உக்காரு.”